ஒற்றை அறை வீட்டில் இரண்டு நோய்கள்

வட சென்னையில் ஒரு வீட்டில் குடிக்கிறவர் இருக்கிறார் என்றால் அது தெருவுக்கே தெரியும். எந்தக் கடையில் வாங்குகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், வரும்போது யாரைத் திட்டிக்கொண்டு வருகிறார் என்பதுவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அதே மனிதருக்குப் பல மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, தனியாக இருக்கும்போது யாரோ பெயர் சொல்லி ஏசுவதுபோல் காதில் கேட்கிறது, செத்துவிடலாமா என்ற நினைப்பு அடிக்கடி வருகிறது என்பதெல்லாம் கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். குடி முன்னால் வந்து நின்று நோயை மறைத்துவிடுகிறது.

அந்த வீட்டுக்குள் மருத்துவமனை ஒரு பக்கமாக நுழைகிறது, பள்ளி இன்னொரு பக்கமாக, போலீஸ் வேறொரு பக்கமாக. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் கேட்பதில்லை. நோயாளியைப் படுக்கையில் சேர்க்கிறோம், மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம், அனுப்புகிறோம். அவர் திரும்பிப் போகும் வீட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்க ஆளில்லை. சிகிச்சையை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

இரண்டு நோய், இரண்டு தீர்ப்பு

பெற்றோரில் ஒருவருக்கு மனநோய் என்றால் நம் மக்கள் விதி என்பார்கள், செய்வினை என்பார்கள், காற்றுக் கருப்பு என்பார்கள். கொஞ்சம் நாசூக்கானவர்கள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று முடித்துக்கொள்வார்கள். எப்படிச் சொன்னாலும் அதில் இரக்கத்துக்கு இடமிருக்கிறது. குடிக்கு அந்த இடமும் கிடையாது. திமிர், கொழுப்பு, பொறுப்பில்லாதவன் என்பதோடு பேச்சு நின்றுவிடும். சட்டம் இந்த இரண்டையும் இப்படிப் பிரிக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. மருத்துவர்களின் அனுபவமும் அதுதான். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சகஜம்.

எப்படிச் சேர்கின்றன? மனச்சோர்வில் இருப்பவருக்கு முதலில் போவது தூக்கம். இரண்டு குவார்ட்டர் உள்ளே போனால் தலை சாய்ந்துவிடுகிறது. ஆனால் மது தரும் தூக்கம் அரைகுறையானது. நடு இரவுக்குப் பிறகு விழிப்புத் தட்டிவிடும், நெஞ்சு படபடக்கும். மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்தும் பொருள் மது. ஆகவே மறுநாள் சோர்வு முந்தைய நாளைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைத் தாங்க மறுபடியும் குடி. மனச்சிதைவு நோய் உள்ள சிலர் காதில் கேட்கும் குரல்களை அமுக்குவதற்காகவே குடிக்கிறார்கள். பதற்ற நோய் உள்ளவர் நாலு பேர் முன்னால் பேசுவதற்குத் தெம்பு தேடிக் குடிக்கிறார்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். பல ஆண்டுக் குடி புதிதாக மனநோயைக் கொண்டுவந்து சேர்க்கும். அதில் பெண்களைக் கொலை செய்யும் அளவுக்குக் கொண்டுபோவது மனைவிமேல் வரும் சந்தேக நோய். மனைவி யாரோடு பேசினாள், மார்க்கெட்டிலிருந்து வர ஏன் பத்து நிமிடம் தாமதம், போனில் அழிக்கப்பட்ட எண் யாருடையது என்று இரவெல்லாம் விசாரணை நடக்கும். குடும்பத்தார் இதைக் ‘கெட்ட புத்தி’ என்கிறார்கள். மனநல மருத்துவத்தில் இது நெடுநாள் குடியோடு சேர்ந்து வரும் ஒரு மாயநம்பிக்கை. எத்தனை சத்தியம் செய்தாலும், எந்தச் சாட்சியைக் கொண்டுவந்தாலும் கரையாது. இதற்குத் தனியாக மருந்து வேண்டும். அதுவரை மனைவிக்குப் பாதுகாப்பான ஓர் இடமும் வேண்டும். இரண்டாவது முதலில் வேண்டும்.

இன்னொரு சேதமும் சத்தமில்லாமல் நடக்கிறது. தொடர்ந்து குடிப்பவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினை உடல் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. அது குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை தடுமாறும், புதிய விஷயங்கள் நினைவில் தங்காது. குடிக்காத நேரத்திலும் தள்ளாடும் ஒருவரைப் பார்த்து ‘காலையிலேயே ஏற்றிவிட்டான்’ என்று தெரு சிரிக்கும். அவசரமாக ஊசி போடப்பட வேண்டிய ஆள் அவர்.

இந்திய அளவில் நிலைமை என்ன என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொல்லியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுக்கப்பட்டது அது. மனநலக் கோளாறு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கே வரவில்லை. மதுச் சார்பு உள்ளவர்களில் சிகிச்சை எட்டாதவர்கள் சுமார் 86 சதவீதம். 2019-ல் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் வெளியிட்ட அறிக்கை இன்னும் கூர்மையாகச் சொன்னது: மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரும் யாரோ ஒருவருக்குக் கணவர், யாரோ ஒருவருக்கு அப்பா.

சுவர் இல்லாத வீடுகள்

வட சென்னைக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் குடிக்கிறார்கள் என்று சினிமாவும் செய்தியும் சேர்ந்து ஒரு எண்ணத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. அது எனக்கு உடன்பாடில்லை. குடியும் மனநோயும் அடையாறிலும் இருக்கின்றன, அண்ணா நகரிலும் இருக்கின்றன. அங்கே அப்பா குடித்துவிட்டு வந்தால் பிள்ளை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் அதே பிள்ளைக்குச் சாத்திக்கொள்ளக் கதவு இல்லை. எழுபதுகளில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் ஒரு வீடு என்பது 200 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு அறை, அதன் ஓரத்தில் அடுப்படி. ஆயா, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் அதற்குள்தான். அப்பா வாந்தி எடுக்கும் இடமும் பிள்ளை கணக்குப் போடும் இடமும் ஒன்றே. குடியின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் அது பிள்ளைமேல் விழுகிற வேகம் வேறு.

வேலையும் இதில் சேர்கிறது. மாதச் சம்பளக்காரர் நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால் விடுப்பு. மாதக் கடைசியில் பணம் வந்துவிடும். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும் போகாத நாள் கூலியில்லாத நாள். ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே ஆலைச் சம்பளம் இருந்தது. 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கத்தைக் கண்டது இந்தப் பகுதியின் பின்னி ஆலைத் தொழிலாளர் கூட்டம். 1996-ல் ஆலை மூடப்பட்ட பிறகு அந்த வீடுகளில் நிலையான சம்பளம் போய்த் தினக்கூலி வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். வேலையில்லாத இரண்டு மாதம், கையில் கடன், பக்கத்தில் திறந்திருக்கும் கடை. ஏற்கெனவே மனம் தளர்ந்திருப்பவருக்கு இந்த நாட்கள் எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மது சில்லறை விற்பனையை டாஸ்மாக் 2003-ல் முழுமையாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இன்று அரசுக்கு அதன் மூலம் வரும் வருமானம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2023-ல் 500 கடைகளை மூடினார்கள். கடை நேரமும் பகல் 12 முதல் இரவு 10 வரை என்று இருக்கிறது. அடிமையாகிவிட்டவருக்கு இந்த நேரக் கட்டுப்பாடு எதையும் மாற்றுவதில்லை. காலை ஏழு மணிக்குக் கை நடுங்கத் தொடங்கும்போது அவர் கூடுதல் விலைக்குக் கள்ளத்தனமாக விற்பவரிடம் போகிறார். கூடுதலாகப் போகும் அந்தப் பணமும் வீட்டுப் பணம்தான்.

கணக்கைப் பார்த்தால்தான் இது புரியும். நாளுக்கு 800 ரூபாய் கூலி வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். மலிவான குவார்ட்டரே 140 ரூபாய்க்குக் குறையாது. இரண்டு குவார்ட்டர், கூடத் தின்ன ஏதாவது, ஒரு பாக்கெட் சிகரெட் என்றால் 400 ரூபாய் போய்விட்டது. உடம்பு முடியாமல் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் மீதி நான்கு நாளில் வீட்டுக்கு வருவது 1,600 ரூபாய். அதிலும் மூன்று நாள் குடிக்கான பணத்தை எடுக்க வேண்டும். அது போக வாரத்துக்கு நானூறு ரூபாய். அதை வைத்து ஆறு பேர் சாப்பிட முடியாது என்பதால் மனைவி வீட்டுவேலைக்குப் போகிறார், மீன் விற்கிறார், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறார். அதுவும் போதாமல் தினந்தோறும் திருப்பிக் கட்டும் தண்டல் கடன் வாங்குகிறார். தண்டல்காரர் தினமும் வாசலுக்கு வருவார். மகளிர் குழுக் கடன் வாரத்துக்கு ஒருமுறை. தாலிச் சங்கிலி சேட்டுக் கடையில். வட்டி கட்டப் புதுக் கடன், அதற்கு வட்டி. கணவரின் குடி நின்றுபோனாலும் இந்தக் கடன் நிற்பதில்லை. குடி நின்று ஆறு மாதத்துக்குள் மறுபடியும் தொடங்குகிற பல வீடுகளில், தெளிந்த தலையோடு முதன்முதலாகக் கடன் பட்டியலைப் பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். போதை மீட்பில் கடன் ஆலோசனை ஒரு பகுதியாக இருந்தாக வேண்டும்.

அம்மாவுக்கு வந்தால்

அப்பாவின் குடிக்குத் தெரு முழுவதும் சாட்சி. அம்மாவின் நோய்க்குச் சாட்சி பிள்ளைகள் மட்டும்தான்.

குழந்தை பெற்ற ஆயிரம் பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய கடுமையான மனநோய் வருகிறது. தூக்கம் போகும், பேச்சு மாறும், குழந்தையே தன்னுடையதில்லை என்று தோன்றும். சில நாட்களிலேயே முற்றிவிடக்கூடிய அவசர நிலை அது. சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும். அதைவிட மிகப் பரவலானது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. நம் வீடுகளில் இரண்டுக்கும் முதல் சிகிச்சை வேப்பிலை, தாயத்து, தர்காவில் ஓதுதல், ஜெபக் கூட்டம். நம்பிக்கை தரும் ஆறுதலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததைப் பார்த்த மாநிலம் இது. கோயிலுக்கும் போகட்டும், அதே நாளில் மருத்துவமனைக்கும் போகட்டும்.

மனச்சோர்வில் இருக்கும் தாய் எழுந்திருப்பதில்லை; அடுப்பு எரிவதில்லை; பிள்ளையின் தலை வாரப்படுவதில்லை. மாமியார் கண்ணில் அவர் சோம்பேறி. கணவர் குடிப்பதற்கு அது ஒரு சாக்கு. கணவரின் குடியும் அடியும்தான் அவரைப் படுக்க வைத்தன என்பது எத்தனையோ வீடுகளின் உண்மை. ஒருவரின் நோய் இன்னொருவரின் நோய்க்குத் தீனியாகிறது. அப்போது அந்த வீட்டில் பெரியவர் என்று மிஞ்சுவது ஒன்பது வயது மூத்த மகள்.

பிள்ளைகள் கற்றுக்கொள்வது

இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது காலடிச் சத்தம். படியேறி வரும் செருப்பின் ஓசையை வைத்தே இன்று எப்படிப்பட்ட இரவு என்று அதற்குத் தெரிந்துவிடும். தம்பியை எங்கே உட்கார வைப்பது, அரிவாள்மணையை எங்கே ஒளித்து வைப்பது, அப்பா கேட்கும்முன் தண்ணீர் கொடுப்பதா, தூங்குவதுபோல் நடிப்பதா என்று நொடியில் முடிவெடுக்கும். சுற்றத்தார் மெச்சுவார்கள்: ‘வயதுக்கு மீறிய பொறுப்பு’. எனக்கு இந்தப் பாராட்டைக் கேட்டாலே மனம் பதறுகிறது. எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விழித்திருக்கும் உடம்பு அது. உடலில் பதற்றச் சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்தால் தூக்கம், நினைவாற்றல், கவனம் எல்லாம் பாதிக்கப்படும். வகுப்பில் அந்தப் பிள்ளை தூங்கிவிழும், அல்லது சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடும், அல்லது யாரையாவது அடிக்கும். ஆசிரியர் குறிப்பேட்டில் எழுதுவது ‘கவனமில்லை’.

மூத்த மகளுக்குச் சமையல், தங்கச்சி தம்பிகள், அம்மாவின் மாத்திரை. மூத்த மகனுக்குச் சம்பாத்தியம். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போதே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கவும், மெக்கானிக் கடையில் நிற்கவும் போய்விடுவான். கையில் சொந்தக் காசு, வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, கூட நாலு அண்ணன்கள். கஞ்சாவும், போதைக்காக விழுங்கப்படும் வலி நிவாரண மாத்திரைகளும் வட சென்னை இளைஞர்களிடம் புழங்குவதைச் செய்தித்தாள் படிக்கிறவர் எல்லோரும் அறிவர். அவர்களைப் பிடித்து உள்ளே போடும்போது எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

பிள்ளைகள் பொய் சொல்லவும் கற்றுக்கொள்கிறார்கள். தண்டல்காரரிடம் ‘அம்மா இல்லை’. பள்ளியில் ‘அப்பா வெளியூர் போயிருக்கிறார்’. தோழியிடம் ‘எங்கள் வீட்டுக்கு இப்போது வர முடியாது, வெள்ளையடிக்கிறார்கள்’. வீட்டின் மானம் ஒரு பத்து வயதுக் குழந்தையின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. இதோடு சேர்ந்து இன்னொன்று வளர்கிறது. அதை வெளியே எடுப்பதுதான் கடினம். தன்னால்தான் இப்படி என்று அந்தப் பிள்ளை நம்புகிறது. நான் முதல் மார்க் வாங்கினால் அப்பா குடிப்பதை விட்டுவிடுவார். நான் அழுததால்தான் அம்மாவுக்குப் பேய் பிடித்தது. பெரியவர்கள் எதையும் விளக்காத இடத்தில் குழந்தை தானே ஒரு விளக்கத்தைக் கட்டிக்கொள்கிறது, அதில் குற்றவாளி எப்போதும் அதுவேதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம்: ‘அம்மாவுக்கு மனசில் நோய். நீ செய்த எதனாலும் வரவில்லை. டாக்டர் மருந்து கொடுக்கிறார்.’ ஒரு குடும்பத்தில் ஒருவராவது இதைச் சொன்னால் போதும், அந்தப் பிள்ளையின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கும்.

இளம் வயதுத் துயரங்கள் பிற்கால உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. வீட்டில் குடி அல்லது போதை இருந்ததா, வீட்டில் மனநோய் இருந்ததா என்பவை அதில் கேட்கப்பட்ட தனித்தனிக் கேள்விகள். இத்தகைய துயரங்கள் ஒன்றோடொன்று கூடக்கூட, வளர்ந்த பிறகு குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை மட்டுமல்லாமல் இதய நோய்க்கான வாய்ப்பும் படிப்படியாகக் கூடியது தெரிந்தது. இதைப் படித்துவிட்டு இந்தப் பிள்ளைகளின் கதை முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல பாதகங்கள் சேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில், அன்பான மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, பெற்றோர் தராததைத் தந்த ஒரு பெரியவர். பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டு அத்தையோ.

இந்த ஆய்வு எனக்கு வட சென்னையை நினைவுபடுத்துகிறது. இங்கே ஆயா வீடு என்பது இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். பிள்ளையை அழைத்துவந்து ஒரு தட்டுச் சோறு போட்டு, ‘இங்கேயே படுத்துக்கொள்’ என்று சொல்லும் பெண்கள் எல்லாச் சந்திலும் இருக்கிறார்கள். கால்பந்து சொல்லிக் கொடுக்கும் அண்ணனும், மாலை நேர டியூஷன் எடுக்கும் அக்காவும் இருக்கிறார்கள். இந்தக் குடும்பங்களைத் தூக்கி நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றியபோது வீடு கிடைத்தது. ஆயா வீடு கைவிட்டுப் போனது. மறுகுடியமர்வைத் திட்டமிடுபவர்கள் இதை ஒரு இழப்பாகக் கணக்கில் எடுக்கவே இல்லை.

பரம்பரை பற்றிய பயமும் உண்டு. பெண் பார்க்க வருபவர்கள் முதல் பிள்ளைகள்வரை எல்லோரிடமும். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் இருக்கிறது. பொதுவான அளவைவிட அது அதிகம்தான். நூற்றில் தொண்ணூறு பேருக்கு வராது என்பதும் அதே கணக்குத்தான்.

நிறுத்துவதில் உள்ள ஆபத்து

‘மாலை போட்டால் 48 நாள் தொடாமல் இருக்கிறாரே, மனசு வைத்தால் முடியாதா?’ இதைச் சொல்லாத மனைவி கிடையாது. ராயபுரத்தில் தவக்காலத்தைக் காட்டிச் சொல்வார்கள், வேறு வீடுகளில் ரம்ஜானைக் காட்டிச் சொல்வார்கள். விரத நாட்களில் அவருக்கு வீட்டில் தனி மரியாதை, ‘சாமி’ என்ற அழைப்பு, அதிகாலைக் குளியல், கூடவே குடிக்காத நாலு சாமிகள், முடிவு தெரிந்த ஒரு கால அளவு. மாலையைக் கழற்றிய அன்றே இவை எல்லாம் போய்விடுகின்றன. மனவுறுதியோடு சேர்ந்து அந்த ஆதரவும் அவரைத் தாங்கியது. சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் அதே வகையான ஆதரவைக் கொடுப்பதற்காகத்தான் குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்கள் இருக்கின்றன. சென்னையில் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், அதை அடக்கவே குடிக்கிறவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், உடம்பில் பூச்சி ஊர்வதுபோன்ற உணர்வு, இல்லாத மனிதர்களோடு பேச்சு என்று முற்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும். ‘குடியை நிறுத்தியதும் பைத்தியம் பிடித்துவிட்டது, அதனால் மறுபடியும் கொடுத்தோம்’ என்று சொல்லும் குடும்பங்கள் பார்த்தது இதைத்தான். மருத்துவமனையில் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து, பி1 ஊசி போட்டு, ஒரு வாரம் பத்து நாளில் இதைக் கடக்க வைத்துவிடுகிறார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அடியில் இருப்பது தனி மனச்சோர்வா, குடி உண்டாக்கியதா என்று மருத்துவரால் தெளிவாகச் சொல்ல முடியும். ஆகவே பத்தாம் நாளில் வீட்டுக்கு வந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரிய தவறு.

‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் விட்டுவிட வேண்டும். டைசல்ஃபிரம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து சாகவும் நேரலாம். மருத்துவர்கள் அதை நோயாளியின் சம்மதத்தோடு, பரிசோதித்த பிறகே தருகிறார்கள். அதேபோல், நள்ளிரவில் வேனில் வந்து ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் தனியார் ‘மறுவாழ்வு’ இடங்களும் உண்டு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால், எத்தனை களைத்திருந்தாலும் அங்கே விடாதீர்கள்.

எங்கே போவது

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே நம் ஊரில் வசவாகிவிட்டது. அயனாவரத்தை ஒட்டிய மேடவாக்கம் டேங்க் சாலையிலிருக்கும் அரசு மனநலக் காப்பகத்தின் வேர் 1794-ல் தொடங்கியது; இப்போதைய இடத்துக்கு வந்தது 1871-ல். வட சென்னைக்கு இதைவிட அருகில் பெரிய மனநல மருத்துவமனை வேறில்லை. வீட்டு வாசலில் இருப்பதாலேயே பலர் போவதில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள். அவர்களுக்குப் பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பொது மருத்துவமனை என்பதால் மனநலப் பிரிவுக்குப் போகிறவரை யாரும் தனியாகக் கவனிக்கப்போவதில்லை. 2025-ல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. சிகிச்சை இலவசம். செலவாவது கூலி: மருந்து வாங்கப் போகும் நாளில் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் இரண்டு பேர் கூலி போகிறது. மாத்திரை பாதியில் நிற்பதற்கு ‘தூக்க மாத்திரைதானே’ என்ற அலட்சியம் ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. மனநல மருந்துகள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மாலை நேரத்தில், மாதந்தோறும் தடையில்லாமல் கிடைத்தால் எத்தனையோ பேர் நோய் திரும்பாமல் தப்பிப்பார்கள்.

சட்டம் பிள்ளைகளை முற்றிலும் மறந்துவிடவில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்நோயாளியாகச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்க இயலாத நிலையில் இருந்தால், மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் குழந்தை உறவினர் வீட்டிலோ தாயிடமோ இருந்தபடியே மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழி இருக்கிறது. நகரப் பகுதியில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகள் ஆபத்தில் இருந்தால் அழைக்க வேண்டிய எண் 1098, பெண்களுக்கு 181. இந்த உதவியைப் பற்றி மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலேயே ஒருவர் சொல்லி, விண்ணப்பத்தையும் எழுதி வாங்கினால் என்ன? நோயாளியின் சீட்டில் ‘வீட்டில் 18 வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர்’ என்று ஒரு வரி சேர்த்தால் அதற்கான தொடக்கம் கிடைத்துவிடும்.

குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை நம் ஊருக்குப் புதிதல்ல. 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை, நோயாளிக்குத் தரும் சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை தரும் முறையை வைத்திருக்கிறது. அது இருப்பது அடையாறில்.

கடைசியாக, மனைவிமார்களும் மூத்த பிள்ளைகளும் அடிக்கடி கேட்பது: ‘அவர் வரவே மாட்டேன் என்கிறார், நாங்கள் என்ன செய்வது?’ அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உங்கள் பெயரிலேயே சீட்டு வாங்கி, உங்கள் தூக்கமின்மைக்கும் பயத்துக்கும் சிகிச்சை கேட்கலாம். அவரை எப்படி அழைத்து வருவது என்று அங்கேயே ஆலோசனையும் பெறலாம். போக முடியாத நாட்களில் 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையில் தமிழில் பேசலாம். 24 மணி நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே போக அவருடைய சம்மதம் தேவையில்லை.